ஏழு மணி வகுப்பும் எட்டாத மேற்பார்வையும்

"சார், வேலைய விடாம, சாயங்கால வகுப்புல படிச்சே கவுன்சிலர் ஆகிடலாமா?"

பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தும் என்னிடம் இந்தக் கேள்வி அடிக்கடி வருகிறது. மூன்று வருஷம் நானும் அப்படி மாலை வகுப்பில் உட்கார்ந்திருந்தேன் என்பது, எங்கள் ராமநாதபுரம் கடற்கரையில் உச்சிப்புளியிலிருந்து தங்கச்சிமடம் வரை தெரிந்துபோனதுதான் காரணம். கேட்பவர்களில் செவிலியர் உண்டு, அங்கன்வாடிப் பணியாளர் உண்டு, மருந்துக்கடைக்காரர் உண்டு, கோயில் வேலைகளை இழுத்துப்போட்டுச் செய்யும் அக்காமார் உண்டு. எல்லோரும் ஏற்கெனவே நாலு பேர் கஷ்டத்தைக் காதுகொடுத்துக் கேட்டுக்கொண்டிருப்பவர்கள். அதையே முறையாகக் கற்றுக்கொண்டால் என்ன என்று தோன்றுகிறது, அவ்வளவுதான்.

என் பதில் எப்போதும் கொஞ்சம் இழுவையாகவே இருக்கும். பாடத்தை மாலையில் படித்துவிடலாம். தொழில் கைக்கு வருமா என்பது, பக்கத்தில் இருந்து தப்பைத் திருத்த ஓர் ஆள் கிடைக்கிறாரா என்பதைப் பொறுத்தது. இந்தக் கரையில் அந்த ஆள் கிடைப்பதுதான் கஷ்டம்.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். மனநல மருத்துவர் என்பவர் மருத்துவம் படித்து, அதற்கு மேல் மனநல மருத்துவத்தில் பட்டமேற்படிப்பு முடித்தவர், மருந்து எழுதுவார். மருத்துவ உளவியலாளர் வேறு. அவர் இந்திய மறுவாழ்வு மன்றம் ஏற்ற படிப்பை முடித்து, அதன் மையப் பதிவேட்டில் பெயர் பதிந்திருக்க வேண்டும். அந்த மன்றத்துக்கான 1992-ம் ஆண்டுச் சட்டப்படி, பதிவில்லாமல் அந்த வேலையைப் பார்த்தால் ஓராண்டு வரை சிறை அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். ஆயிரம் ரூபாய்க்குப் பயப்படுகிறவர் எத்தனை பேர் என்பது வேறு கதை.

உளச்சிகிச்சையாளர், கவுன்சிலர் என்ற பெயர்களுக்கு அப்படி வேலி கிடையாது. 2017-ம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் மனநல மருத்துவர், மருத்துவ உளவியலாளர், மனநலச் சமூகப் பணியாளர், மனநலச் செவிலியர் யார் யார் என்று வரையறுக்கிறது. உளச்சிகிச்சையாளர் யார் என்று அதில் தேடினால் கிடைக்காது. பேச்சின் வழியாகவே மனநோவைக் குணமாக்கப் பயிற்சி பெற்றவர் என்று பொதுவாகச் சொல்லலாம். அந்தப் பயிற்சி எவ்வளவு, யார் கொடுத்தது என்று பலகையைப் பார்த்துச் சொல்ல முடியாது.

இந்தப் பயிற்சிக்கு ஒரு வடிவம் வந்து நூறாண்டு ஆகிறது. 1920-ல் பெர்லினில், உளப்பகுப்பாய்வு என்ற பேச்சுச் சிகிச்சையைத் தொடங்கிவைத்த வியன்னா மருத்துவர் ஃப்ராய்டின் சீடர்கள் ஓர் இலவச மருத்துவமனை தொடங்கினார்கள். அங்கே மாக்ஸ் ஐட்டிங்கான் முன்னின்று வகுத்த ஏற்பாட்டில் மூன்று கால்கள். ஒன்று, கோட்பாட்டு வகுப்பு. இரண்டு, பயிற்சி பெறுபவர் தானே இன்னொருவரிடம் போய்ச் சிகிச்சைக்கு உட்காருவது. மூன்று, அவர் பார்க்கும் நோயாளிகளைப் பற்றி மூத்தவர் ஒருவரிடம் வாராவாரம் ஒப்பித்துத் திருத்தம் வாங்குவது. பிறகு சிகிச்சை முறைகள் பல கிளைகளாகப் பிரிந்தன. அவற்றில் பலவும் இந்த மூன்றில் சிலவற்றையாவது எடுத்துக்கொண்டன.

இங்கிலாந்தில் இன்றைக்கும் இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் பகுதிநேரமாகப் படித்தே வருகிறார்கள். பகலில் ஆசிரியராக, செவிலியராக, அலுவலகத்தில் வேலை பார்த்துவிட்டு வாரத்தில் ஒன்றிரண்டு மாலையோ மாதத்தில் ஒரு சனி ஞாயிறோ வகுப்புக்குப் போவது அங்கே சாதாரணம். ஆனால் 'பகுதிநேரம்' என்ற சொல் நம்மை ஏமாற்றிவிடக் கூடாது. அங்குள்ள யுகேசிபி என்ற தொழில் சங்கத்தில் முழு உளச்சிகிச்சையாளராகப் பதிவு பெற நான்கு ஆண்டாவது பிடிக்கும். மேற்பார்வையோடு 450 மணி நேரம் ஆட்களைப் பார்த்திருக்க வேண்டும். தன் சிகிச்சைக்கும் மேற்பார்வைக்கும் பெரும்பாலும் சொந்தக் காசு. வகுப்பு மாலை இரண்டரை மணி நேரம் என்றால், அதைச் சுற்றி இழுத்துக்கொண்டு வருவது வாரத்தில் இன்னொரு ஏழெட்டு மணி நேரம். இத்தனைக்கும் அங்கேயும் 'உளச்சிகிச்சையாளர்' என்ற பெயருக்குச் சட்டப் பாதுகாப்பு இல்லை. தொழில் சங்கங்களின் பதிவேடுதான் தரத்தைக் காக்கிறது.

நம் நாட்டிலும் இது புதிதல்ல. கல்கத்தாவில் கிரீந்திரசேகர் போஸ் என்ற மருத்துவர் பகலில் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டே உளவியல் படித்து, 1921-ல் அங்குள்ள பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். மறு வருஷமே பார்சிபகான் சந்திலிருந்த தன் வீட்டில் இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கத்தைத் தொடங்கினார். ஃப்ராய்டோடு கடிதத்தில் வாதம் செய்தார். கடைசிவரை நேரில் பார்த்ததே இல்லை. ஃப்ராய்டு வழக்கப்படி அவரைச் சோபாவில் படுக்கவைத்து, அவர் பேச்சை யாரும் கேட்டதில்லை. மேற்பார்வைக்கு ஆள் இல்லாத ஊரில் தொழில் கற்றவர்களுக்கு முன்னோடி அவர்தான் என்று எனக்குத் தோன்றும். ஒரு வித்தியாசம் உண்டு. தன்னைச் சுற்றி ஒரு கூட்டத்தைச் சேர்த்து, அவர்களோடு உட்கார்ந்து, எழுதி, வாதாடி அந்தக் குறையை அவர் ஓரளவு ஈடுகட்டினார். இது பிறகு நமக்கு உதவப்போகும் விஷயம்.

சரி, ராமநாதபுரம் கரைக்கு வருவோம். தொண்டியிலிருந்து தேவிபட்டினம், மண்டபம், பாம்பன், கீழக்கரை, ஏர்வாடி, மூக்கையூர் என்று நீளும் இந்தக் கரைக்கு மனநலத்தின் வரலாற்றில் ஓர் இருண்ட இடம் இருக்கிறது. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில், மனநோய் தீர வேண்டி ஆட்கள் வரும் தர்கா உள்ள ஏர்வாடியில் ஒரு கொட்டகையில் தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டிவைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் ஓட முடியாமல் செத்துப்போனார்கள், மொத்தம் 28 பேர். உச்ச நீதிமன்றமே வழக்கைக் கையில் எடுத்தது. அப்படிப்பட்ட இல்லங்கள் மூடப்பட்டன. தர்காவுக்கு வேண்டுதலுக்கு வருகிறவர்களுக்கு மருத்துவமும் கிடைக்க வேண்டும் என்ற ஏற்பாடு பிறகுதான் வந்தது. 2022-ல் ராமநாதபுரத்துக்கு அரசு மருத்துவக் கல்லூரியும் வந்துவிட்டது.

ஆக, கடுமையான நோய்க்கு இப்போது போக்கிடம் உண்டு. நடுவில் இருப்பவர்களுக்குத்தான் ஆள் இல்லை. கைதாகி அக்கரையில், இலங்கைச் சிறையில் இருக்கும் புருஷனுக்காகக் காத்திருக்கும் பெண், படகு பறிபோய் வட்டி மட்டும் மிச்சமான ஓட்டுநர், வளைகுடாவிலிருந்து மூன்று வருஷம் கழித்து வந்து சொந்தப் பிள்ளையோடு பேசத் தெரியாமல் நிற்கும் வாப்பா. இவர்களுக்கு மாத்திரை முதல் தேவை இல்லை. 2015-16 தேசிய மனநல ஆய்வு, மனநலப் பிரச்சினை உள்ளவர்களில் நோய்க்கு நோய் 70 முதல் 92 விழுக்காடு வரை சிகிச்சையே எட்டாமல் இருக்கிறார்கள் என்று கணக்குச் சொன்னது. மாலை வகுப்பில் சேர ஆசைப்படுகிறவர்கள் கண்ணில் தினமும் படுவது இந்தக் கூட்டம்தான்.

படிக்க அவர்களுக்கு இதுவரை இருந்த பெரிய வாசல் தொலைதூரக் கல்வி. மதுரைக்கு ராமநாதபுரத்திலிருந்து 110 கிலோமீட்டருக்கு மேல்; ராமேஸ்வரத்திலிருந்து 170-ஐத் தொடும். ஆறு மணிக்கு வேலை முடித்துவிட்டு ஏழு மணி வகுப்புக்கு மதுரையில் போய் நிற்க எந்தப் பேருந்தாலும் முடியாது. அதனால் தபாலில் வரும் புத்தகம், வருஷத்துக்குச் சில நாள் நேர்முக வகுப்பு என்று உளவியல் முதுகலை முடித்தவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அந்த வாசல் 2025-ல் சாத்தப்பட்டுவிட்டது. சுகாதாரத் துணைத் தொழில்களை ஒழுங்குபடுத்தும் 2021-ம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வரும் படிப்புகளை, உளவியலையும் சேர்த்து, தொலைதூர முறையிலோ இணைய முறையிலோ நடத்தக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு சொல்லிவிட்டது. 2025 ஜூலை-ஆகஸ்ட் பருவத்திலிருந்து புதிய சேர்க்கை கிடையாது.

கேட்டவுடன் எனக்கு வயிறெரிந்தது. யோசித்துப் பார்த்தால் அதிலுள்ள நியாயமும் தெரிகிறது. ஒரு மனிதரைக்கூட எதிரில் உட்காரவைத்துப் பேசாமல், இருபது தாள் எழுதி உளவியல் பட்டம் வாங்க முடிந்தது என்பது உண்மைதானே. ஆனால் நேரில் போய்ப் படி என்று சொல்கிறவர்கள், நேரில் நடத்தும் மாலை வகுப்பு ஒன்றை இந்தப் பக்கம் கொண்டுவந்துவிட்டு அதைச் சொல்லியிருக்கலாம். மருத்துவ உளவியலாளர் ஆவதற்கான வழியோ முன்பிருந்தே முழுநேரம்தான். இரண்டாண்டு எம்.பில்.தான் நெடுங்காலம் அதற்கு வாசலாக இருந்தது, எம்.பில். பட்டமே எடுக்கப்படுவதால் அதுவும் இப்போது வேறு படிப்புகளுக்கு இடம்விட்டுக்கொண்டிருக்கிறது. நாற்பது வயதில் சம்பளத்தை விட்டுவிட்டு இரண்டு வருஷம் யார் போவார்?

வாசல் சாத்தினால் சன்னல் வழியாக வியாபாரம் நுழையும். 'ஆறே மாதத்தில் உளச்சிகிச்சையாளர்' என்ற விளம்பரம் உங்கள் கைபேசிக்கும் வந்திருக்கும். நானே ஒன்றில் பதினெட்டாயிரம் ரூபாய் கட்டினேன். வாரம் இரண்டு இரவு காணொளி வகுப்பு, கடைசியில் கொள்குறி வினாத்தேர்வு, தங்க எழுத்தில் சான்றிதழ். சான்றிதழில் ஐஎஸ்ஓ முத்திரை வேறு. அந்த முத்திரை அலுவலகம் எப்படி நடக்கிறது என்பதற்குத் தருவது, பாடத்தின் தரத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்பது பணம் கட்டியபின்தான் தெரிந்தது. ஆறு மாதத்தில் ஒருவர்கூட நான் பேசியதைக் கேட்டு, இந்த இடத்தில் தப்பு என்று சொல்லவில்லை.

அப்புறம் சேர்ந்த வகுப்பும் இணையவழிதான், ஆனால் அவ்வளவு பளபளப்பில்லை. பட்டமும் இல்லை. ஆனால் முதல் மாதமே மூன்று மூன்று பேராகப் பிரித்துவிட்டார்கள். ஒருவர் தன் கவலை ஒன்றைப் பேச வேண்டும், ஒருவர் கேட்க வேண்டும், ஒருவர் வாய் திறக்காமல் கவனிக்க வேண்டும். பிறகு இடம் மாற்றிக்கொள்ள வேண்டும். என் குழுவில் தொண்டிப் பக்கத்துச் செவிலியர் ஒருவர், கீழக்கரையில் மருந்துக்கடை வைத்திருக்கும் ஒருவர். வீட்டுக்குள் சிக்னல் நிற்காது என்பதால் நான் மொட்டைமாடியில். கச்சான் காற்று அடிக்கும் மாதத்தில் ஒலிவாங்கியில் காற்றைத் தவிர வேறெதுவும் கேட்காது; தண்ணீர்த் தொட்டிக்கும் சுவருக்கும் நடுவில் ஒடுங்கி உட்கார்ந்துகொள்வேன்.

அன்றைக்குச் செவிலியர் தன் அம்மாவைப் பற்றிப் பேசினார். இரவுப் பணிக்குப் போன அன்று அம்மா விழுந்துவிட்டதாகவும், தான் வீட்டில் இருந்திருந்தால் விழுந்திருக்கமாட்டார் என்று மனசு அரித்துக்கொண்டே இருப்பதாகவும் சொன்னார். "நீங்க என்ன பண்ணுவீங்க சிஸ்டர், டியூட்டிக்குத்தானே போனீங்க, கவலைப்படாதீங்க" என்றேன். அவர் "ஆமா சார்" என்று சொல்லி நிறுத்திவிட்டார். எனக்குத் திருப்தி. பன்னிரண்டு நிமிடப் பதிவை மேற்பார்வை செய்பவர் திரும்ப ஓடவிட்டு, யார் எத்தனை நிமிடம் பேசினார்கள் என்று என்னையே எண்ணச் சொன்னார். நான் ஏழு நிமிடம். அப்புறம் கேட்டார்: "அந்த 'ஆமா சார்'க்கு அப்புறம் அவங்க ஏதாவது சொன்னாங்களா?" ஒன்றும் சொல்லவில்லை. நான் ஆறுதல் சொன்ன இடத்தில் அவர் கதவைச் சாத்திக்கொண்டிருந்தார். வாத்தியார் வேலையில் இருபது வருஷம் பழகிய வாய் எனக்கு. மௌனம் வந்தால் அதை நிரப்பாமல் இருக்கத் தெரியாது. இதை எந்தப் புத்தகமும் எனக்குக் காட்டியிருக்க முடியாது.

பேச்சைப் பதிவுசெய்து திரும்பக் கேட்பதை இந்தத் துறையில் வழக்கமாக்கியவர்களில் முக்கியமானவர் கார்ல் ரோஜர்ஸ். 1940-களில் அமெரிக்காவில் இசைத்தட்டில் பதிந்து, சொல்லுக்குச் சொல் எழுதிப் பார்த்தார். சிகிச்சை அறைக்குள் என்ன நடந்தது என்பதற்கு அதுவரை சிகிச்சையாளரின் ஞாபகம்தான் சாட்சி. ஞாபகம் நம் பக்கம் சாய்ந்து பேசும்.

இதே வழக்கம்தான் கோவாவில் வேறு வடிவில் வேலை செய்தது. அங்கே சங்கத் என்ற அமைப்பு மனநலத்தில் எந்தப் படிப்பும் இல்லாத உள்ளூர்க்காரர்களைத் தேர்ந்து, சில வாரம் பாடம், பிறகு சில மாதம் கைப்பழக்கம் கொடுத்து ஆரம்பச் சுகாதார நிலையங்களில் உட்காரவைத்தது. கடுமையான மனச்சோர்வு உள்ளவர்களோடு ஆறு முதல் எட்டு அமர்வு. 2017-ல் லான்செட் இதழில் முடிவு வந்தது: மூன்று மாதம் கழித்து, அந்தப் பேச்சுச் சிகிச்சையும் கிடைத்தவர்களில் 64 விழுக்காட்டினருக்குச் சோர்வு தணிந்திருந்தது, வழக்கமான கவனிப்பு மட்டும் கிடைத்தவர்களில் 39. பலரும் இதைக் கேட்டுவிட்டு, 'பாருங்க, படிப்பே தேவையில்லை' என்கிறார்கள். அந்த ஏற்பாட்டின் இன்னொரு பாதியை அவர்கள் பார்ப்பதில்லை. அந்த ஆலோசகர்கள் தங்கள் அமர்வுகளின் ஒலிப்பதிவைக் குழுவாக உட்கார்ந்து கேட்டு, ஒருவருக்கொருவர் மதிப்பெண் போட்டுக்கொண்டார்கள். மேலே நிபுணர் கண் இருந்தது. படிப்பைக் குறைத்தார்கள், மேற்பார்வையைக் குறைக்கவில்லை.

ராமேஸ்வரம் பக்கத்து மாலைக்கென்று ஒரு கணக்கு உண்டு, வகுப்பு நடத்துகிறவர்களுக்கு அது புரிவதில்லை. விசைப்படகு வாரத்தில் மூன்று நாள்தான் கடலுக்குப் போகும். டோக்கன் வாங்கிக் காலையில் போனால் மறுநாள் காலையில்தான் கரை. அந்த இரவுதான் மீனவர் வீட்டுப் பெண்ணுக்குப் படிக்கத் தோதான இரவு. 'செவ்வாய், வியாழன் ஏழு மணி' என்று சென்னையில் இருந்து கொண்டு யாரோ குறித்த அட்டவணை இங்கே பொருந்தாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் ஆண்கள் எல்லோரும் வீட்டில். கையில் காசு கிடையாது, வீட்டில் சத்தம் அதிகம். கேட்க ஆள் வேண்டும் என்று அதிகம் பேர் வருவது அந்த இரண்டு மாதம். பாடத்தில் பாதிப்பேர் விடுபட்டுப்போவதும் அந்த இரண்டு மாதம்தான்.

பாடம் முழுக்க ஆங்கிலத்தில். ஆட்கள் பேசுவது வேறு மொழி. யாரும் 'எனக்குப் பதற்றக் கோளாறு' என்று வருவதில்லை. "நெஞ்சுக்குள்ள என்னமோ பண்ணுது", "சோறு இறங்கல", "ராத்திரி கண்ண மூடுனா படகு சத்தம்" என்பார்கள். ஜிம்பாப்வேயில் பாட்டிமாரைப் பெஞ்சில் உட்காரவைத்து நடத்தும் திட்டத்தில் மனச்சோர்வு என்ற சொல்லையே ஒதுக்கிவைத்து, மக்கள் சொல்லும் 'அதிகமா யோசிக்கிறது' என்ற சொல்லையே பிடித்துக்கொண்டார்கள். நம்மிடமும் அது இருக்கிறது: "ரொம்ப யோசிக்கிறா." தமிழ்நாட்டு அரசு விளம்பரங்களில் இந்த வேலைக்குப் பெயர் ஆற்றுப்படுத்துநர். ஆறு என்றால் வழி. பரிசு பெற்றவன் இன்னொருவனுக்கு வழி சொன்ன பழைய ஆற்றுப்படையிலிருந்து வந்த நல்ல சொல். அக்கரையில் இலங்கைத் தமிழர் உளவளத்துணை என்பார்கள். மண்டபம் அகதி முகாமில் ஓர் அம்மாவிடம் ஆற்றுப்படுத்துநர் என்று சொன்னபோது புரியவில்லை. உளவளத்துணை என்றதும் "ஓ, அவையளோ" என்றார்.

அதைவிடச் சிக்கல், எதிரில் இருப்பவரை எப்படிக் கூப்பிடுவது என்பது. ஆங்கிலத்தில் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுவிட்டுப் போகலாம். இங்கே பாம்பனில் ஒருவரை 'அக்கா' என்றதும் தம்பியாகிவிடுகிறோம். தம்பிக்கு என்று கடமைகள் உண்டு. அக்கா புருஷனிடம் போய்ப் பேசு என்பார். வட்டிக்காரரிடம் தவணை கேள் என்பார். நாளைக்கே மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைப்பார். கீழக்கரையில் 'லாத்தா' என்றாலும் அதே கதைதான். அக்கா என்று சொல்லாமல் இருந்தாலோ, "என்ன, ஆபீசர் மாதிரி பேசுறாரு" என்று எழுந்து போய்விடுவார். முறை வைத்துக் கூப்பிட்டுக்கொண்டே உறவின் கடமைகளைத் தள்ளி வைப்பது எப்படி என்று எந்த மேலைநாட்டுப் பாடத்திலும் இல்லை. எங்கள் மூவர் குழுவில் இதற்கே நாலு வாரம் போனது. முடிவு ஒன்றும் எட்டவில்லை. நான் 'அக்கா' என்றே சொல்கிறேன். முதல் நாளே, "நான் இங்க கேட்கத்தான்க்கா, வீட்டுக்கு வந்து பேச மாட்டேன்" என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

ரகசியம் இன்னொன்று. நகரத்தில் சிகிச்சையாளரும் வந்தவரும் தெருவில் பார்த்துக்கொள்வது அபூர்வம். இங்கே மீன் ஏலத்தில் பார்ப்போம், ஜமாத்தில் பார்ப்போம், நோன்புக் கஞ்சி வரிசையில் பார்ப்போம். யார் யார் வீட்டு வாசலில் எந்தச் செருப்பு கிடக்கிறது என்பது ஊருக்கே தெரியும். அதனால் நான் வீட்டில் யாரையும் பார்ப்பதில்லை. பள்ளிக்கூடத்தில், மார்க் பற்றிப் பேச வந்த பெற்றோர் என்ற போர்வையில் பார்ப்பது எல்லோருக்கும் வசதி. மருந்துக்கடைக்காரருக்கு இன்னும் வசதி. மாத்திரை வாங்க வந்தவர் பத்து நிமிடம் கூடுதலாக நின்றால் யாரும் ஒன்றும் நினைக்க மாட்டார்கள்.

இனி நேரடியாகக் கேட்பவர்களுக்கு. பணம் கட்டுமுன் நடத்துகிறவரிடம் நான்கு கேள்வி கேளுங்கள், வெட்கப்படாமல். என் பதிவை யார் கேட்பார், மாதம் எத்தனை மணி நேரம்? அவர் எந்தப் பதிவேட்டில் இருக்கிறார்? எனக்கே சிகிச்சை எடுக்கச் சொல்வீர்களா? தற்கொலை எண்ணம் உள்ளவர் என் முன்னால் உட்கார்ந்தால் ராத்திரி பதினோரு மணிக்கு யாரைக் கூப்பிடுவேன்? கடைசிக் கேள்விக்குத் தடுமாறுகிறவரிடம் சேர வேண்டாம். 14416 என்ற டெலி-மானஸ் எண் 2022 அக்டோபரிலிருந்து இருக்கிறது, எந்நேரமும் அழைக்கலாம். வருகிறவரிடம் கொடுக்கவும் அது உதவும். ஆனால் பயிற்சி பெறுபவரைத் தாங்கிப் பிடிக்க ஓர் ஆள் வேண்டும், அது எண்ணாக இருக்க முடியாது. சேர்ந்து படித்த பிறகும் பலகையில் 'மருத்துவ உளவியலாளர்' என்று போடாதீர்கள், அது சட்டம். 'உளச்சிகிச்சையாளர்' என்றும் நான் போடமாட்டேன். அதற்குச் சட்டம் இல்லை, எனக்கு இன்னும் மணிக்கணக்கு சேரவில்லை, அவ்வளவுதான்.

வகுப்பு போன மார்ச்சில் முடிந்தது. மேற்பார்வை செய்தவர் வேறு ஊருக்குப் போய்விட்டார். மாதம் ஒருமுறை அழைப்பில் வருகிறார். நடுவிலிருக்கும் வாரங்களில் நாங்கள் மூவரும் ஒருவர் பதிவை மற்றவர் கேட்கிறோம், வந்தவரின் சம்மதத்தோடு, பெயரை வெட்டிவிட்டு. போன வாரம் கீழக்கரைக்காரரின் முறை. நாற்பது நிமிடப் பதிவில் முதல் ஒன்பது நிமிடம் அவர் குரலே இல்லை. நடுவில் கடைக்கு யாரோ வந்து இருமல் மருந்து கேட்கிற சத்தம், இழுப்பறை திறந்து மூடுகிற சத்தம், பிறகு எதிரில் இருந்தவர் மறுபடி பேசத் தொடங்குவது. அந்த இடத்தில் நிறுத்தி, "இங்க நீங்க ஏன் பேசல?" என்று செவிலியர் கேட்டார். "பேசலாம்னுதான் நெனச்சேன் சிஸ்டர்," என்றார் அவர், "சில்லறை எண்ணிக்கிட்டு இருந்தேன்."